பகல் ஒரு மணித் தண்ணீர்

மலாயாவில் லிங்கிக்கும் கோலா சாவாவுக்கும் நடுவில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் சைபுதீன் பன்னிரண்டு வருஷம் துரையின் மோட்டார் வண்டியை ஓட்டினார். அத்தனை வருஷத்தில் அவரோடு அதிகம் பேசியது அந்த வண்டிதான். அதுவும் இருமலும் உறுமலுமாகத்தான்.

தப்பு அவருடையது என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. பால் வெட்டுகிறவர்களுக்கு லயம் என்ற நீள வரிசை வீடு. கணக்கு எழுதும் கிராணிக்கு ஆபீசுக்குப் பக்கத்தில் பலகை வீடு. துரைக்கு மேட்டில் பங்களா. டிரைவர் இதில் எதிலும் சேராதவர். பங்களாவுக்குக் கீழே வண்டிக் கொட்டகை, அதன் பின்பக்கம் ஓர் அறை, அதற்குள் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு தகரப் பெட்டி, ஒரு தொழுகைப் பாய். அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். லயத்துக்காரர்கள் அவரைத் துரையின் ஆள் என்று நினைத்துத் தள்ளியே நின்றார்கள். துரை அவரை வண்டியோடு சேர்ந்து வந்த ஒரு சாமான் என்று நினைத்தார். ஹரோல்ட் கிராணி எதிரே வந்தால் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்.

போதாக்குறைக்குத் தோட்டத்தில் ஒரே முஸ்லிம் அவர்தான். வெள்ளிக்கிழமை மூன்று மைல் நடந்து மலாய்க்காரர்கள் குடியிருந்த கம்பத்துப் பள்ளிவாசலுக்குப் போவார். அங்கே எல்லாரும் சலாம் சொல்வார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவரும் மூன்று மைல் திரும்பி நடப்பார்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் சிரம்பானில் இருந்த மாமாவின் சாப்பாட்டுக் கடைக்கு வந்தார். மாமாவோடு ஒத்துப்போகவில்லை. பக்கத்து மோட்டார் ஷெட்டில் வண்டி கழுவினார். கழுவக் கழுவ ஓட்டக் கற்றுக்கொண்டார். ஓட்ட ஓட்ட என்ஜினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டார். 1924-இல் ஊருக்குப் போய் ஹபீபுன்னிசாவைக் கல்யாணம் செய்தார். மூன்று மாதம் அவளோடு இருந்தார். பிறகு கப்பல் ஏறினார். அவள் வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவாள், அரபு எழுத்தில் தமிழை வைத்து. தோட்டத்தில் அவரைத் தவிர வேறு யாராலும் அதைப் படிக்க முடியாது. சுகம், சுகமறிய ஆவல் என்ற இரண்டு வரியையும் அவரே நாலு தரம் படித்துக்கொள்வார்.

1932-ஆம் வருஷம். ரப்பர் விலை தரைக்கு வந்துவிட்ட காலம். வாரம் தவறாமல் நாலு பேருக்கு, ஐந்து பேருக்குப் பேர் வெட்டினார்கள். பேர் வெட்டினால் அர்த்தம் ஒன்றுதான்: மூட்டையைக் கட்டு, கப்பலில் ஏறு, ஊரைப் பார். மலாயாவில் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து ஊருக்கு அனுப்பினார்கள். எந்த ஊர் என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் வண்டி கொதிக்க ஆரம்பித்தது.

பன்னிரண்டு வயசான கான்வாஸ் கூரை வண்டி. முதலில் எப்போதாவது ஒரு தரம், அதுவும் வெயில் ஏறிய பிறகு. அப்புறம் சிரம்பான் போகும்போதெல்லாம். ஒரு திங்கட்கிழமை, ரந்தாவைத் தாண்டி ஏறும் மேட்டில், துரை உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடி எகிறிப் போய், வெந்நீர் கண்ணாடி முழுக்க அடித்தது. வழியில் போன மாட்டு வண்டிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். துரைக்குப் பொறுக்கவில்லை.

"டிரைவர், சனிக்கிழமை கம்பெனி பெரிய துரை சிரம்பானுக்கு ரயில்ல வரான். இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வரணும். வழியில கொதிச்சா வண்டியும் போகும், நீயும் போகும். கப்பல்ல இடம் இருக்கு" என்றார்.

துரை இப்படித்தான் தமிழ் பேசுவார். இலக்கணம் தப்பும், சொன்ன சொல் தப்பாது.

ஊருக்குப் போக ஒருவர் இவ்வளவு பயப்படுவாரா, மனைவி அங்கேதானே இருக்கிறாள் என்று கேட்கலாம். கேட்பது சுலபம். எட்டு வருஷமாக முகம் பார்க்காத மனைவி. மச்சான்களின் வீடு. அங்கே மோட்டாரும் கிடையாது, மோட்டார் ஓட்டுகிறவனுக்கு வேலையும் கிடையாது. இங்கே யாருமில்லாதவராக இருந்தாலும் ஒரு டிரைவராக இருந்தார். அங்கே போனால் வேலையில்லாத ஒரு மாப்பிள்ளை.

செவ்வாய்க்கிழமை காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

தண்ணீர் எங்காவது ஒழுகுகிறதா? வண்டிக்கு அடியில் அடுப்புச் சாம்பலைப் பரப்பி வைத்தார். மறுநாள் வரை சாம்பலில் ஒரு சொட்டு இல்லை. காற்றாடியைச் சுழற்றும் தோல் பட்டை தளர்ந்திருக்குமோ? கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. இறுக்கினார். ஓட்டிப் பார்த்தார். கொதித்தது. ரேடியேட்டரின் முகத்தில் லாலான் புல்லின் பஞ்சும் செத்த விட்டில்களும் அடைந்து கிடந்தன. பல் விளக்கும் குச்சியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தார். கொதித்தது. என்ஜினுக்குள் தீப்பொறி நேரம் தப்பி விழுந்தாலும் சூடேறும். அதையும் சரி பார்த்தார். நேரம் சரியாகத்தான் இருந்தது. என்ஜின் தலைமூடிக்கு அடியில் உள்ள தகடு போயிருந்தால் தண்ணீரில் குமிழி வரும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, என்ஜினை ஓடவிட்டு, மூக்கு வெந்துபோகும் தூரத்தில் குனிந்து பார்த்தார். குமிழி இல்லை.

"என்னதான் செய்யுது உனக்கு? வாயத் தொறந்து சொல்லேன்" என்றார் வண்டியிடம். வண்டி இருமியது. அவருக்கு அது பழக்கம்தான்.

புதன்கிழமை ஒரு யோசனை வந்தது. கருவி எதுவும் வேண்டாத யோசனை. என்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினார். ரேடியேட்டரின் மேல்பக்கம் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. கீழ்ப்பக்கம் வைத்தார். சில்லென்று இருந்தது. நடுவில் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடம் சூடு, அதற்குப் பக்கத்திலேயே ஓரிடம் குளிர்ச்சி.

இந்த வண்டியில் தண்ணீரைத் தள்ளிவிடப் பம்பு கிடையாது. என்ஜினில் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குள் வரும். அங்கே மெல்லிய குழாய்களின் வழியே இறங்கி, ஆறி, கீழ்வழியாக மறுபடி என்ஜினுக்குப் போகும். உலைப் பானையில் அரிசி மேலும் கீழும் போய்வருகிற மாதிரி. மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்றால் தண்ணீர் இறங்கவே இல்லை. குழாய்க்குள் எதுவோ அடைத்திருக்கிறது.

சைபுதீன் எழுந்து நின்று தன் கையையே பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாசலில் வந்து பார்த்தார். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. உள்ளே போய் ஸ்பானரை எடுத்தார்.

ரேடியேட்டரைக் கழற்றிச் சாய்த்து வைத்து மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். கீழே நூல் போல வந்தது. மேல்தொட்டியின் மூடியைக் கழற்றி, தன் குடையை உடைத்து அதன் கம்பி ஒன்றை எடுத்து, ஒரு குழாய்க்குள் விட்டுக் குத்தி இழுத்தார். கம்பியின் நுனியில் அழுக்கு நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. துருவும் இல்லை, சேறும் இல்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். நீண்டது. விட்டார். சுருங்கியது.

ரப்பர்.

தோட்டத்துச் சோற்றில் ரப்பர் வாடை வரும், துணியில் வரும், தலைமுடியில் வரும். ஆனால் வண்டியின் நரம்புக்குள் ரப்பர் எப்படி வந்தது?

தண்ணீரோடுதான் வந்திருக்க வேண்டும். கொட்டகை மூலையில் வண்டிக்காகத் தண்ணீர் வைத்திருந்த பழைய மண்ணெண்ணெய் டின்னை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கவிழ்த்தார். உள்பக்கம் முழுக்க மெல்லிய தோல் படிந்திருந்தது. நகத்தால் உரித்தால் டின்னின் வடிவத்திலேயே உரிந்து வந்தது. லிங்கிப் பக்கத்துத் தண்ணீர் பெரும்பாலும் கலங்கல். இருட்டு மூலை வேறு. இத்தனை நாள் அவர் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் கவனிக்கவில்லை, அதைத்தான் சொல்ல வேண்டும். அந்த டின்னை அவர் நிரப்பியே இரண்டு வருஷம் ஆகிறது. பகல் தொழுகை முடித்துச் சோறு தின்றுவிட்டு வந்தால் டின் நிரம்பியிருக்கும். பங்களாத் தோட்டக்காரன் நிரப்புகிறான், துரை உத்தரவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாய் திறக்க வேண்டுமே.

வியாழக்கிழமை பகல் அவர் சோறு தின்னப் போகவில்லை. அறைக்குள் நின்று பலகைச் சந்து வழியே பார்த்தார். ஒரு மணி வாக்கில், ஸ்டோரில் பால் எடை போட்டு முடிந்ததும், அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் வாளியோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் வெட்டுக்காரர்களின் துணிக்கட்டு. கொட்டகைக்குள் நுழைந்து, தண்ணீரை டின்னில் ஊற்றினாள். கழற்றிப் போட்டிருந்த வண்டியை ஒரு நிமிஷம் கவலையோடு பார்த்தாள். போய்விட்டாள்.

சைபுதீனுக்கு முகம் தெரிந்தது. முத்தாயி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் முனியாண்டிக்குக் காய்ச்சல் தலைக்கேறி, சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியில் கொண்டுபோனார்கள். பின்சீட்டில் அவன் தலை அவள் மடியில் இருந்தது. ரந்தாவ் பாலத்தில் அவன் தண்ணீர் கேட்டான். சைபுதீன் வண்டியை நிறுத்தி, தன்னுடைய தம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து அவன் வாயில் ஊற்றினார். மூன்று மடக்கு இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது உயிர் இல்லை. சாகிறவன் வாயில் கடைசித் தண்ணீர் ஊற்றுவது பெற்ற பிள்ளையின் கடமை. பிள்ளையில்லாத முனியாண்டிக்கு அதைச் செய்தது சைபுதீன். அவருக்கு அது ஒரு தம்ளர் தண்ணீர், அன்றே மறந்துவிட்டார். முத்தாயி மறக்கவில்லை. அவர் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணீர் வந்தது. துடைக்காமல் விட்டார்; பார்க்க யாரும் இல்லையே. இந்தத் தோட்டத்தில் ஒரு மனுஷி இரண்டு வருஷமாக ஒருநாள் தவறாமல் தன்னை நினைத்திருக்கிறாள். தனக்குத்தான் தெரியவில்லை.

மற்றது எல்லாம் தானாக விளங்கியது. முன்பு வெட்டுக்காரர்கள் வாளியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். இந்த வருஷம் துரை புதுச் சட்டம் போட்டார். ஒட்டிய பாலைக்கூட வீணாக்கக் கூடாது. ஒரே ஒரு சிரட்டைத் தண்ணீரில் அலசி, அதையும் ஸ்டோர்ப் பீப்பாயில் ஊற்ற வேண்டும். பால் ஒட்டிய வாளி ஸ்டோரை விட்டு வெளியே போனால் திருட்டு, பேர் வெட்டு. முத்தாயிக்கு வேறு வாளி ஏது? அரைகுறையாக அலசிய வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, யார் கண்ணிலும் படாமல் கொண்டுவருகிறாள். அதில் கலந்த பால் ரேடியேட்டர்ச் சூட்டில் உறைந்து, நாளுக்கு ஒரு மயிரிழையாகக் குழாய்களை அடைத்திருக்கிறது. வண்டி கொதிக்க ஆரம்பித்ததும் அந்தச் சட்டத்துக்கு அப்புறம்தான்.

ஒரு நல்ல மனுஷர் இந்த இடத்தில் என்ன செய்வார்? மறுநாள் ஒரு மணிக்கு வாசலில் நின்று, "தாயி, இனிமே ஊத்தாதீங்க" என்று சொல்வார். சைபுதீன் நல்ல மனுஷர்தான். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் அவள் வரமாட்டாள். வெள்ளிக்கிழமை பகலில் பள்ளிவாசலுக்குக்கூடப் போகாமல் பலகைச் சந்து வழியே பார்த்தார். அவள் வந்து ஊற்றிவிட்டுப் போனாள். அந்தத் தண்ணீரை எடுத்து வாழைக்கு ஊற்றிவிட்டு, வண்டிக்குக் கிணற்றிலிருந்து தானே இறைத்து வந்தார். இப்படியே நடந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தார். தனியாகக் கிடந்தவருக்கு அந்த ஆசை வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் அதற்கு அடுத்த நாள் மேல்.

குழாய்களில் மண்ணெண்ணெயை விட்டு ஊறவைத்து, உப்பி வந்த ரப்பரைக் குடைக்கம்பியால் ஒவ்வொரு குழாயாகக் குத்தி எடுத்தார். மூன்று முறை வெந்நீர் விட்டுக் கழுவினார். வெள்ளி சாயங்காலம் மாட்டி முடித்தார். சனிக்கிழமை கம்பெனிப் பெரிய துரையை ஏற்றிக்கொண்டு ரந்தாவ் மேட்டில் வண்டி ஏறியது. கொதிக்கவில்லை. திரும்பும்போதும் கொதிக்கவில்லை.

சாயங்காலம் பெரிய துரை குளிக்கப் போன நேரத்தில், நம் துரை கொட்டகைக்கு இறங்கி வந்தார். வண்டியின் படியில் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்தார்.

"டிரைவர், என்ன வியாதி அதுக்கு? எப்படிக் கண்டுபிடிச்ச?"

பன்னிரண்டு வருஷத்தில் ஒருவர் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சைபுதீன் சொன்னார். சாம்பல் பரப்பியதிலிருந்து ஆரம்பித்தார். உள்ளங்கையை எப்படி வைத்தார் என்று துரையின் கையையே பிடித்து வைத்துக் காட்டினார். துரை சிரித்தார், தலையை ஆட்டினார், "அப்புறம்?" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னும் பேசலாம். உரித்தெடுத்த ரப்பர்த் தோலைக் கொண்டுவந்து காட்டினார். இழுத்துக் காட்டினார்.

"நீ டாக்டர் மாதிரி, டிரைவர். பால் எப்படி உள்ள போச்சு?"

"வாளி அலசின தண்ணிங்க, தொரை. ஒரு செரட்டையில அலசுறதால பால் சரியாப் போறதில்ல. பழைய பாலா இருந்தா வாளியிலயே காஞ்சு ஒட்டியிருக்கும், தண்ணியில கலக்காது. அப்ப இது எடை போட்ட கையோட, பகல் ஒரு மணிக்கு வர்ற தண்ணியாத்தான் இருக்கணும். அதுலேந்தே கண்டுபுடிச்சேன்."

"யார் ஊத்தறது?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"தெரியாதுங்க, தொரை."

"சரி" என்றார் துரை. பைப்பைப் படியில் தட்டிவிட்டு எழுந்து போனார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலை நிலைத்துவிட்டது. சைபுதீன் பேரைச் சொல்லவில்லை, அது உண்மை. நேரத்தைச் சொன்னார், இடத்தைச் சொன்னார், வாளியைச் சொன்னார். மிச்சம் என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை பால் வெட்டு இல்லை. அவர் சட்டை மாட்டிக்கொண்டு லயத்துக்குப் போனார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. முப்பது கதவுகள், எல்லாம் ஒரே மாதிரி. முத்தாயியின் கதவு எது என்று தெரியாது. குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் ஓடி வந்தார்.

"என்னங்க பாய்? தொர யாரையாச்சும் கூப்புடுறாரா? பேரு வெட்டா?"

கதவுகளில் தலைகள் தெரிந்தன. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. துரையின் டிரைவர் வந்தால் கெட்ட செய்திதான் வரும் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். இந்த நேரத்தில், ஒண்டியாய் இருக்கிற ஆண்பிள்ளை ஒருவர், தாலியறுத்த ஒருத்தியின் பேரைச் சொல்லி வீடு எது என்று கேட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவளுக்கு அந்தக் கெட்ட பேர் வேறு வேண்டுமா?

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்" என்றார்.

சும்மா வருவதற்கு அவருக்கு அங்கே யார் இருந்தார்கள்? கிழவர் நம்பாமல் பார்த்தார். சைபுதீன் திரும்பி நடந்தார். நாளைக்கு ஒரு மணிக்குக் கொட்டகை வாசலிலேயே நின்று சொல்லிவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்குத் துரை தொப்பியோடு இறங்கி வந்தார்.

"லிங்கிக்குப் போகணும். வண்டி எடு."

"தொரை, ஒரு மணி நேரம் கழிச்சுப் போகலாங்களா?"

"ஏன்? மறுபடி கொதிக்குதா?"

இதுதான் அந்த இடம். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். வண்டி நின்றிருக்கும். அவரும் ஒரு மணிக்கு வாசலில் நின்றிருப்பார். ஆனால் அதைச் சொன்னால் கப்பல்.

"இல்லைங்க, தொரை" என்றார். வண்டியை எடுத்தார்.

லிங்கி ஆற்றோரத்தில் துரை இன்னொரு துரையோடு பேசிக்கொண்டிருந்தபோது, சைபுதீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆற்றில் ஒரு படகு போனது. இன்றைக்கு மட்டும் அவள் வராமல் இருக்கட்டும், யா அல்லா, மறந்து போகட்டும் என்று வேண்டினார்.

மூன்று மணிக்குத் திரும்பினார்கள். கொட்டகை வாசலில் மண் ஈரமாக இருந்தது. டின் கவிழ்ந்து கிடந்தது. ஹரோல்ட் கிராணி வாசலில் நின்றார். துரை பங்களாவுக்கு ஏறிப் போகும்வரை காத்திருந்துவிட்டு, சைபுதீனிடம் வந்தார்.

"ஆளைப் புடிச்சாச்சு, டிரைவர். ஒரு மணின்னு சொன்னீங்களாமே, அஞ்சு நிமிஷம்கூடத் தப்பல. கெட்டிக்காரர்தான் நீங்க." அவர் தோளைத் தட்டினார். "சாயங்காலம் ஆபீஸ் பக்கம் வாங்களேன், கோப்பி குடிக்கலாம்."

சைபுதீன் போகவில்லை. அதற்கு மட்டும் அவரைப் பாராட்டலாம்.

வியாழக்கிழமை காலையில் பேர் வெட்டியவர்களை ஏற்றிப் போக லாரி வந்தது. பதினொரு பேர். சைபுதீன், விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டு நேரத்திலிருந்தே கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, பழுது எதுவும் இல்லாத ஒரு திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் காலடி கேட்டது.

"பாய், இருக்கீங்களா?"

வெளியே வந்தார். முத்தாயி நின்றாள். இடுப்பில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. நிறையத் தண்ணீர்.

"வாளியப் புடுங்கிட்டாங்க. இது எங்க வீட்டுக் கொடம், சோத்துத் தண்ணி எடுக்குறது. புளி போட்டுத் தேச்சுக் கொண்டாந்தேன். இதுல பாலு கீலு ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே டின்னை நிமிர்த்தி வைத்து ஊற்றினாள். தண்ணீர் தெளிவாக விழுந்தது.

அவர் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். நான்தான் சொன்னேன், தாயி. நேரம் சொன்னதும் நான்தான். லிங்கிக்கு வண்டி எடுத்ததும் நான்தான்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"பாய், கிராணி அய்யா எல்லாம் சொன்னாரு. என் தண்ணியாலதான் உங்க வண்டி கெட்டுப்போச்சாமே. உங்க வேலைக்கே ஆபத்தா இருந்துச்சாமே. சத்தியமா எனக்குத் தெரியாது, பாய். எம் புருஷனுக்குத் தண்ணி குடுத்த மகராசன், அவருக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துவோமேன்னுதான் செஞ்சேன். இப்படி ஆகும்னு நெனைக்கல. என்ன மன்னிச்சுக்குங்க."

அவள் கும்பிட்டாள். குடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து, சரியாகக் கும்பிட்டாள். பதில் வாங்காமல் போகக் கூடாது என்று நின்றாள்.

ஹாரன் மறுபடி அடித்தது.

"பரவால்ல, தாயி" என்றார் சைபுதீன். "போயிட்டு வாங்க."